பத்து டி.எம்.சி. பிழை

ஜட்ஜுக்கும் தப்பு வரும். அவரும் நம்மைப் போல காலையில் காபி குடித்து, பேப்பர் படித்துவிட்டு வேலைக்குப் போகிற மனிதர்தான். தப்பு வருவதில் பெரிய வெட்கம் எதுவும் இல்லை. வந்த தப்பை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு அமெரிக்கக் கதை. 2014 ஏப்ரல் 29 அன்று அங்கே சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. மாநிலங்களுக்கு இடையிலான புகைத் தகராறு. ஒரு மாநிலத்து அனல் மின் நிலையங்கள் விடுகிற புகை, காற்றோடு போய் அடுத்த மாநிலத்துக்காரர்களை இரும வைக்கிறது. யார் எவ்வளவு புகையைக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி ஒரு விதி போட்டது. விதி செல்லும் என்றார்கள் ஆறு நீதிபதிகள். செல்லாது என்றார்கள் இரண்டு பேர்.

செல்லாது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் அன்டனின் ஸ்காலியா. சட்டத்தில் புலி என்று பெயர் எடுத்தவர். 2001-ல் வந்த ஒரு பழைய வழக்கை அவர் உதாரணம் காட்டினார். அந்த வழக்கிலும் இதே ஏஜென்சி, செலவுக் கணக்குப் பார்க்க அதிகாரம் கேட்டது என்று எழுதினார். உண்மை நேர் எதிர். செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வாதாடியது லாரி கம்பெனிகளின் சங்கம். கூடாது என்று எதிர்த்தது ஏஜென்சி. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 2001 தீர்ப்பை எழுதியவரே இதே ஸ்காலியாதான்!

சட்டப் பேராசிரியர்கள் சும்மா விடுவார்களா? உடனே சுட்டிக்காட்டினார்கள். சில நாட்களுக்குள் கோர்ட்டின் இணையதளத்தில் இருந்த தீர்ப்பு சத்தமே இல்லாமல் மாறிவிட்டது. தப்பான வாக்கியங்கள் போயின. ஒரு பகுதியின் தலைப்பே மாறிப்போனது. அதே சமயம் ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்ட் லாசரஸ், இப்படி ஓசைப்படாமல் தீர்ப்புகளைத் திருத்துவது அந்தக் கோர்ட்டின் வெகுநாள் பழக்கம் என்று ஆராய்ந்து எழுதினார். விஷயம் பத்திரிகைகளில் நாறியது. 2015-லிருந்து, வெளியிட்ட தீர்ப்பில் எதையாவது திருத்தினால் எங்கே திருத்தினோம் என்று அடையாளம் காட்டுவது என்று கோர்ட் முடிவு செய்தது.

கவனியுங்கள். ஸ்காலியாவின் அந்தத் தப்பால் ஒரு மனிதருக்கும் ஒரு பைசா நஷ்டம் இல்லை. அது தோற்றுப்போன பக்கத்தின் தீர்ப்பு. அதற்கே அவ்வளவு ரகளை நடந்தது, திருத்தமும் நடந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கேயும் மாநிலங்களுக்கு இடையே ஒரு தகராறு. இங்கேயும் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அதில் ஒரு பிழை இருக்கிறது என்பது என் கட்சி. அந்தப் பிழையின் விலை வருடத்துக்குப் பத்து டி.எம்.சி. தண்ணீர்.

‘ஐயையோ, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைப் போய் தப்பு என்று எழுதலாமா? உள்ளே தள்ளிவிட மாட்டார்களா?’ என்று நீங்கள் பதறலாம். பதற வேண்டாம். 1971-ம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே இதற்கு இடம் தருகிறது. முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று அதன் ஐந்தாவது பிரிவு சொல்கிறது. தீர்ப்பு சொன்னவரின் நோக்கத்தைக் கொச்சைப்படுத்தினால்தான் தப்பு. எனக்கு எந்த ஜட்ஜின் நோக்கத்தைப் பற்றியும் சந்தேகம் இல்லை. கணக்கைப் பற்றித்தான் சந்தேகம்.

கணக்கைப் பார்ப்போம்.

காவிரி நடுவர் மன்றம் அமைந்தது 1990-ல். இறுதித் தீர்ப்பு தந்தது 2007 பிப்ரவரி 5-ல். பதினேழு வருடம். காவிரியில் மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தார்கள். 10 சுற்றுச்சூழலுக்கு. 4 எப்படியும் கடலுக்குப் போகும் என்று ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டின் பங்கில் இங்கேயே பெய்கிற மழையும் சேரும். கர்நாடகம் எல்லையில், பிலிகுண்டுலுவில், அளந்து விட வேண்டியது 192 டி.எம்.சி. இது மத்திய அரசின் கெஜட்டில் ஏறுவதற்கே 2013 பிப்ரவரி வரை ஆனது.

மூன்று மாநிலங்களும் அப்பீல் போயின. 2018 பிப்ரவரி 16 அன்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, நீதிபதிகள் அமிதவ ராய், கான்வில்கர் மூவரும் தீர்ப்பு சொன்னார்கள். 465 பக்கம். அதில் பாராட்ட வேண்டியவை நிறைய உண்டு. ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்து இல்லை, தேசத்தின் சொத்து என்று சொன்னது சரி. 1892, 1924 ஒப்பந்தங்கள் வெள்ளைக்காரன் மிரட்டி வாங்கியவை, செல்லாது என்ற கர்நாடக வாதத்தை ஏற்காததும் சரி.

ஆனால் 192 என்பது 177.25 ஆனது. குறைந்தது 14.75. இந்த 14.75 எப்படி வந்தது? இரண்டு துண்டு. பெங்களூரின் குடிநீருக்காக 4.75. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக 10. இரண்டும் கர்நாடகத்தின் கணக்கில் ஏறின.

முதல் துண்டைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. இதைச் சொன்னால் இங்கே பலருக்குக் கோபம் வரும். வரட்டும். குடிநீருக்குத்தான் முதலிடம் என்று நாமே மேடையில் பேசிவிட்டு, பெங்களூர்க்காரன் குடிக்கக் கூடாது என்று சொல்ல முடியாது. அந்த ஊரில் லட்சக்கணக்கான தமிழர்களும்தான் அதே குழாயைத் திறக்கிறார்கள்.

ஆனால் அந்த 4.75-ஐக் கொடுக்க கோர்ட் என்ன காரணம் சொன்னது என்பதை நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். நடுவர் மன்றம் பெங்களூருக்குக் குறைவாக ஒதுக்கியதற்கு இரண்டு அடிப்படை வைத்திருந்தது. ஒன்று, பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது என்பது. இரண்டு, நகரத்தின் குடிநீர்த் தேவையில் பாதியை நிலத்தடி நீர் பார்த்துக்கொள்ளும் என்பது. இந்த இரண்டுமே தப்பு என்றது சுப்ரீம் கோர்ட். பாதித் தண்ணீர் பூமிக்கடியிலிருந்து வரும் என்று அனுமானித்து ஒரு நகரத்தின் பங்கைக் குறைத்தது சரியில்லை என்றது.

சரிதான். கை தட்டுகிறேன். 2024 கோடையில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வறண்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் டேங்கர் லாரிக்கு க்யூ நின்றதைப் பார்த்தோமே. நிலத்தடி நீரை நம்பிக் கணக்குப் போடாதே என்று கோர்ட் சொன்னது எவ்வளவு உண்மை என்று அந்தக் கோடை நிரூபித்தது.

இப்போது இரண்டாவது துண்டு. அதுவும் அதே தீர்ப்பில், அதே கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. காவிரி டெல்டாவில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதை நடுவர் மன்றம் குறித்துவைத்திருந்தது. ஆனால் அதைத் தமிழ்நாட்டின் பங்கில் கழிக்கவில்லை. சுப்ரீம் கோர்ட் அதை எடுத்தது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் ஆபத்து என்பதையும் ஒப்புக்கொண்டது. அதனால் இருபதில் பாதி, பத்து டி.எம்.சி.யைத் தாராளமாகக் கணக்கில் சேர்க்கலாம் என்று முடிவுக்கு வந்தது. மேலே வரும் ஆற்று நீரில் பத்தைக் குறைத்தது.

அதாவது, பெங்களூருக்கு அடியில் இருக்கிற தண்ணீரை நம்பிப் பங்கைக் குறைக்கக் கூடாது. மன்னார்குடிக்கு அடியில் இருக்கிற தண்ணீரை நம்பிப் பங்கைக் குறைக்கலாம்.

ஒரே தீர்ப்பு. அதே மூன்று ஜட்ஜ். அதே ஆறு. நிலத்தடி நீருக்கு மட்டும் இரண்டு நியாயம். இதுதான் நான் சொல்லும் பிழை.

பத்து டி.எம்.சி. என்றால் எவ்வளவு என்று நகரத்தில் இருக்கிற நமக்குச் சட்டென்று பிடிபடாது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. சுமார் 2,830 கோடி லிட்டர். பத்து டி.எம்.சி.யை ஓரடி உயரத்துக்கு நிறுத்தினால் 2 லட்சத்து 30 ஆயிரம் ஏக்கரில் நிற்கும். ஒரு போகம் நெல்லுக்கு நாலடித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 57 ஆயிரம் ஏக்கர். வாய்க்காலில் கசிவது, வெயிலில் போவது எல்லாம் கழித்தால் இன்னும் குறையும். எப்படிக் குறைத்தாலும் பல்லாயிரம் குடும்பங்களின் ஒரு வருடச் சாப்பாடு.

‘தண்ணீர் இருக்கிறது என்றுதானே கோர்ட் சொல்லியிருக்கிறது? இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்தத் தண்ணீர் அங்கே எப்படி வந்தது என்று கேளுங்கள்.

ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிக்கு மாதம் 192 ரூபாய் தர வேண்டும் என்று பஞ்சாயத்தில் முடிவு. தம்பி பெண்டாட்டி கெட்டிக்காரி. வந்த பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து உண்டியலில் போட்டு வைக்கிறாள். அண்ணன் பணம் அனுப்பாத மாதத்தில் அந்த உண்டியலை உடைத்துத்தான் குழந்தைக்குப் பால் வாங்குகிறாள். மறுபடி பஞ்சாயத்து கூடுகிறது. பெரியவர் உண்டியலை எட்டிப் பார்க்கிறார். ‘அட, உள்ளே 20 ரூபாய் இருக்கிறதே! அப்படியானால் இனிமேல் அண்ணன் மாதாமாதம் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தால் போதும்’ என்கிறார்.

உண்டியலில் இருப்பது எங்கிருந்து வந்தது? அண்ணன் கொடுத்த பணத்திலிருந்து. அதைக் குறைத்தால் உண்டியலில் என்ன விழும்? ஒரு தடவை எடுத்தால் தீர்ந்து போகிற பணத்தைக் காட்டி, மாதாமாதம் வருகிற பணத்தைக் குறைப்பது என்ன கணக்கு?

டெல்டாவின் நிலத்தடி நீர் அப்படி ஒரு உண்டியல். அதில் வடகிழக்குப் பருவமழையும் விழுகிறது, உண்மைதான். ஆனால் ஆற்றிலும் வாய்க்காலிலும் ஓடுகிற தண்ணீர் கசிந்து, மாதக்கணக்கில் வயலில் தேங்கி நிற்கிற தண்ணீர் இறங்கி, அதனாலும்தான் நிரம்புகிறது. ஆறு ஓடினால் கிணறு ஊறும். ஆறு வறண்டால் கிணறு இறங்கும். இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேண்டியதில்லை. கும்பகோணம் பக்கத்தில் பம்ப் செட் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார். மேலே ஓடுகிற காவிரியும் கீழே ஊறுகிற காவிரியும் ஒரே காவிரிதான். மேலே ஒரு தடவை எண்ணி, கீழே இன்னொரு தடவை எண்ணினால் தண்ணீர் இரண்டாகிவிடாது.

நடுவர் மன்றத்துக்கு இது தெரிந்திருந்தது. எந்த மாநிலமும் நிலத்தடி நீரைப் பயன்படுத்துவதைக் காவிரி நீரைப் பயன்படுத்தியதாகக் கணக்கு வைக்கக் கூடாது என்று தன் உத்தரவிலேயே எழுதி வைத்தது. நான்கு தரப்புக்கும் ஒரே விதி. யாருக்கும் சாதகமும் இல்லை, பாதகமும் இல்லை.

இன்னொன்று. உண்டியல் எல்லா ஊரிலும் நிரம்பியிருக்கவில்லை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும். அப்படியே கிழக்கே நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போங்கள். கடல் நீர் உள்ளே ஏறி, பல இடங்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும். வேதாரண்யத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீரே கொள்ளிடத்திலிருந்து குழாய் போட்டுக் கொண்டு வருவதுதான். கரையோரத்தில் நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல் இன்னும் உள்ளே வரும். ஒரு தடவை உப்பேறிய நிலத்தடி நீரை மறுபடி நல்ல தண்ணீராக்குவது நம் ஆயுளில் நடக்கிற காரியம் இல்லை.

இந்த உண்டியலை உடைக்க வேண்டிய மாதங்கள் வரத்தான் செய்கின்றன. மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2012-லிருந்து 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. அந்த வருடங்களில் குறுவை செய்தவர்கள் போர் தண்ணீரை வைத்துத்தான் செய்தார்கள். 2016-ல் காவிரியும் வரவில்லை, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். டெல்லியில் ஜந்தர் மந்தரில் நம் விவசாயிகள் மண்டை ஓட்டோடு உட்கார்ந்தது அந்த வருடம்தான். அப்படிப்பட்ட வருடத்துக்கென்று பூமி சேர்த்து வைத்திருக்கிற தண்ணீர் அது. அதைத்தான் வருஷா வருஷம் கிடைக்கிற வருமானம் மாதிரி பற்று எழுதிவிட்டார்கள்.

கர்நாடகத்திலிருந்து ஒரு நண்பர் இதைப் படித்தால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ‘தண்ணீர் எங்கே இருந்தாலும் தண்ணீர்தானே சார். உங்களுக்குக் கீழேயும் இருக்கிறது, மேலேயும் வேண்டும் என்றால் எப்படி?’ என்பார். ஒப்புக்கொள்கிறேன். கீழே இருப்பதையும் எண்ணுவோம். ஆனால் எல்லோருக்கும் எண்ணுவோம். கே.ஆர்.எஸ். கால்வாய் பாய்கிற மாண்டியாவில் கிணறே இல்லையா? மைசூரில் போர் கிடையாதா? அங்கேயும் ஆற்றுப் பாசனத்தால் ஊறுகிற தண்ணீர் உண்டு. அதையும் அளந்து கர்நாடகத்தின் பங்கில் கழியுங்கள். கேரளத்திலும் கழியுங்கள். இல்லையென்றால் யாருக்கும் கழிக்காதீர்கள். தராசு எதுவாக இருந்தாலும் சரி, இரண்டு தட்டிலும் ஒரே படிக்கல்லைப் போடுங்கள் என்பதுதான் கோரிக்கை. இதில் மாண்டியா விவசாயிக்கு எதிராக ஒரு வார்த்தையும் இல்லை. அவனும் நம் ஆள்தான்.

தீர்ப்பில் ஒரு சொல் சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே வழக்கில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. நடுவர் மன்றம் காவிரி மேலாண்மை வாரியம் என்று பெயர் சொல்லி அமைக்கச் சொல்லியிருந்தது. சுப்ரீம் கோர்ட் ஆறு வாரத்துக்குள் ஒரு ‘ஸ்கீம்’ உருவாக்க வேண்டும் என்றது. அவ்வளவுதான், மத்திய அரசுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. ஆறு வாரமும் சும்மா இருந்துவிட்டு, கெடு முடிந்த பிறகு 2018 மார்ச் 31 அன்று கோர்ட்டுக்குப் போய், ஸ்கீம் என்றால் என்ன என்று விளக்கம் கேட்டார்கள். கூடவே மூன்று மாதம் டயமும் கேட்டார்கள். மே 12-ல் கர்நாடகத்தில் தேர்தல் என்பது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்! தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், மே 14 அன்று வரைவு ரெடியாகி கோர்ட்டுக்கு வந்துவிட்டது. ஜூன் 1-ல் ஆணையம் அமைந்தது. நடுவில் தமிழ்நாடு கொதித்தது. கறுப்புக் கொடி, ரயில் மறியல், சென்னையில் நடக்க வேண்டிய கிரிக்கெட் ஆட்டங்கள் புனேவுக்கு ஓடியது எல்லாம் நடந்தது. எல்லாம் ஒரு சொல்லுக்காக.

ஸ்கீம் என்ற சொல்லுக்கு மூன்று கட்சிக்காரர்களும் தெருவில் இறங்கினார்கள். பத்து டி.எம்.சி.க்கு? தீர்ப்பு வந்த வாரம் கண்டன அறிக்கைகள் வந்தன. டி.வி.யில் நாலு நாள் சத்தம் போட்டார்கள். அப்புறம் அந்தப் பத்து எப்படி வந்தது, எந்தக் கணக்கு, எந்தக் கிணறு என்று யாரும் தொடர்ந்து கேட்கவில்லை. ஏனென்றால் அப்படிக் கேட்டால் அடுத்த கேள்வி நம்மை நோக்கி வரும்.

அதையும் நானே கேட்டுவிடுகிறேன். டெல்டாவில் வருடத்துக்கு எத்தனை டி.எம்.சி. நிலத்தடி நீரை எடுக்கிறோம்? பம்ப் செட்டுக்கு மின்சாரம் இலவசம். இலவசம் இருக்கட்டும், விவசாயிக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இலவசம் என்பதற்காக அளக்கவே கூடாது என்று யார் சொன்னது? 2003-ல் தமிழக சட்டசபை நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. நடைமுறைக்கே கொண்டுவரவில்லை. பத்து வருடம் அலமாரியில் தூங்கவிட்டு, 2013-ல் ரத்து செய்துவிட்டார்கள். இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்ட பத்து வருடம் அது. கொள்ளிடத்தில் மணலை அள்ளி அள்ளி ஆற்றின் மடியையே பள்ளமாக்கியதும் நாம்தான். மணல்தான் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாகப் பூமிக்குள் இறக்குகிற பஞ்சு. அந்தப் பஞ்சை லாரி லாரியாக விற்றுவிட்டு, நிலத்தடி நீர் போச்சே என்று கோர்ட்டில் அழுதால் எதிர்க்கட்சி வக்கீல் சிரிப்பார். தீர்ப்பு வந்த அதே 2018-ல், ஆகஸ்ட் மாதம் வெள்ளம் வந்தபோது முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. கிடைக்காத தண்ணீருக்காக அழுத அதே வருடத்தில், கிடைத்த தண்ணீரைத் தடுக்கிற மதகைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

இந்தக் குற்றங்களுக்கெல்லாம் நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அவற்றுக்கான அபராதம் அந்தப் பத்து டி.எம்.சி. என்று யாரும் சொல்லவில்லை. கோர்ட்டும் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீர் இருக்கிறது என்று சொல்லித்தான் குறைத்தது. ஆகவே பிழை பிழைதான்.

இவ்வளவு வருடம் கழித்து இப்போது ஏன் இதைக் கிளறுகிறாய் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இந்தப் பங்கீடு பதினைந்து வருடத்துக்கு மாறாது என்று தீர்ப்பு சொல்கிறது. 2018-ஓடு பதினைந்தைக் கூட்டுங்கள். 2033. அப்போது கணக்கு மறுபடி திறக்கும். கர்நாடகம் அன்றைக்கு இன்னும் பெரிதாக வளர்ந்துவிட்ட பெங்களூரின் புள்ளிவிவரத்தோடு வந்து நிற்கும். நாம் எதோடு போய் நிற்போம்? எதுகையும் மோனையுமாக மேடைப் பேச்சோடா?

சுப்ரீம் கோர்ட் தன் தவறைத் திருத்திக்கொள்ளாத இடம் இல்லை. எமர்ஜென்சியில், 1976-ல், ஆளைக் காரணமில்லாமல் பிடித்து உள்ளே போட்டாலும் கேட்க முடியாது என்று ஒரு தீர்ப்பு தந்தது. 2017-ல் அதே கோர்ட் அது மோசமான தவறு என்று சொல்லித் தூக்கிப் போட்டது. நாற்பத்தொரு வருடம் ஆனது. மறு ஆய்வு மனு உண்டு. அதுவும் போனால் சீராய்வு மனு என்று 2002-ல் கோர்ட்டே ஒரு வழி வைத்தது. வழிகள் இருக்கின்றன. ஆனால் எந்தக் கோர்ட்டும் கண்ணீரைப் பார்த்துக் கணக்கைத் திருத்தாது. எதிர்க் கணக்கைக் காட்டினால்தான் திருத்தும்.

அந்த எதிர்க் கணக்கைத் தயார் செய்ய இப்போதே ஆரம்பிக்க வேண்டும். திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை கண்காணிப்புக் கிணறுகளில் மாதாமாதம் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிட வேண்டும். ஆறு ஓடிய மாதத்தில் கிணறு எவ்வளவு ஏறியது, ஓடாத மாதத்தில் எவ்வளவு இறங்கியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அந்த அட்டவணையே பாதி வழக்கை ஜெயித்துக் கொடுத்துவிடும். பம்ப் செட்டுகளில் அளவைக் கருவி வைக்க வேண்டும். கட்டணம் போடுவதற்காக இல்லை என்று சட்டத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வையுங்கள். விவசாயி எதிர்க்க மாட்டார். எதிர்த்தால் உட்கார்ந்து பேசுங்கள். ஓட்டுக் கேட்க மட்டும் வீடு வீடாகப் போகத் தெரிகிறதே.

கடைசியாக, சென்னையில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. ‘இது தஞ்சாவூர்க்காரன் பிரச்னை, நமக்கென்ன’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2004-லிருந்து வீராணம் ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. வீராணத்துக்குத் தண்ணீர் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வருகிறது. கொள்ளிடம் என்பது காவிரியின் கிளை. நீங்கள் காலையில் பல் விளக்குகிற தண்ணீரில் காவிரியும் இருக்கலாம். பெங்களூர்க்காரரும் காவிரி குடிக்கிறார், நீங்களும் குடிக்கிறீர்கள். நகரத்தின் தாகத்துக்குக் கோர்ட்டில் குரல் இருக்கிறது. அதைக் கேட்டு 4.75 கொடுத்தார்கள், நியாயம்தான். அந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன், தன் வயலுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது என்பதற்காகவே பத்தை இழந்தவன். அவனுக்காக ஒரு கேள்வி கேளுங்கள்.

அடுத்த முறை எந்தக் கட்சிக்காரர் காவிரிக்காக உயிரையும் கொடுப்பேன் என்று உங்கள் வாசலில் வந்து நின்றாலும், உயிரெல்லாம் வேண்டாம் என்று சொல்லுங்கள். போன மாதம் மன்னார்குடியில் கிணற்று நீர்மட்டம் எத்தனை அடி என்று மட்டும் கேளுங்கள். 2033-ல் ஜட்ஜ் கேட்கப்போகும் கேள்வி அதுதான்.